தீக்குழியும் பறக்கும் தேரும்

பகுத்தறிவு பேசும் வீட்டில் பிள்ளைகள் மாயக்கதை படிக்கலாமா? பேசும் கிளியும் மந்திரக் கம்பளமும் வேண்டாம், விண்கலமும் வானூர்தியும் போதும் என்கிறார் ஒரு தோழர். அவையும் வேண்டாம், நடந்ததை மட்டும் படிக்கட்டும், மற்றதெல்லாம் பொய் என்கிறார் இன்னொரு தோழர். இருவர் கவலையிலும் நியாயம் உண்டு. பொய்யை மெய்யென நம்பவைத்தே நம் முதுகை வளைத்தனர். சூடுகண்ட பூனை பாலைக் கண்டும் அஞ்சுகிறது. ஆனால், நாம் அஞ்சவேண்டியது கற்பனையையா?

புராணத்தின் குற்றம் கற்பனை மிகுதி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நான் மாறாகச் சொல்வேன்: அதன் குற்றம் கற்பனை வறுமை!

தில்லைச் சிதம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆதனூர் நந்தன் கதையை அவ்வட்டாரத்தில் அறியாத பிள்ளை உண்டோ? திருப்புன்கூரில் அவன் வெளியே நின்று காணும்பொருட்டுக் கல்நந்தி விலகிற்றாம். தில்லைக்கு வந்தான், ஊரைச் சுற்றினான், உள்ளே நுழையவில்லை. இறைவன் கனவில் வந்து தீயில் மூழ்கி வரச் சொன்னானாம். மூழ்கினான், மார்பில் பூணூலோடு எழுந்தான், கோயிலுள் சென்றான், மறைந்தான்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இதற்கு ஒரு பண்ணை ஆண்டையையும் சேர்த்தார். நாற்பது வேலி நிலத்தை விளைவித்துவிட்டுப் போ என்றான் ஆண்டை; ஒரே இரவில் பூதகணங்கள் விளைவித்துக் கொடுத்தன.

கல் நகர்கிறது, பூதம் உழுகிறது, தீ குளிர்கிறது. எத்தனை அற்புதம்! ஆனால், ஓர் அற்புதம் மட்டும் அக்கதையில் நடக்கவே இல்லை. பூணூல் இல்லாத நந்தன், வந்த கோலத்திலேயே, வாயில் வழியே உள்ளே போகவில்லை. அதை மட்டும் எண்ணிப் பார்க்கக் கதைக்குத் துணிவில்லை. இயற்கையின் விதியைக் கடவுள் உடைக்கலாம். சாதியின் விதியை உடைக்கலாகாது! இதனினும் வறண்ட கற்பனை வேறு எது?

அக்கதை செய்யாததைச் சிதம்பரத்தில் ஒரு மனிதர் செய்யத் தொடங்கினார். சுவாமி சகஜானந்தர், நந்தன் பெயராலேயே பள்ளி நிறுவி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் கையில் புத்தகம் கொடுத்தார். அவர் நம் கொள்கைக்காரர் அல்லர், பக்தர், அதனால் என்ன? தீக்குழி இருந்த கதையில் கரும்பலகையை வைத்தவர் அவர்.

இனி வேறொரு கனவைப் பாருங்கள். 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில், வங்கத்து இசுலாமியப் பெண் ரொக்கேயா 'சுல்தானாவின் கனவு' எழுதினார். பள்ளிப் படியேறாமல், அண்ணன் துணையோடு வீட்டுக்குள் படித்தவர். அவர் கதையில் பெண்கள் பல்கலைக்கழகம் நடத்துகின்றனர். வெயிலைச் சேர்த்துச் சமைக்கின்றனர். வான ஊர்தியில் பறக்கின்றனர். ஆண்களோ வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றனர்! பறக்கும் தேர் புராணத்திலும் உண்டு. ஆனால், அத்தேரில் ஏறியது யார்? அதைச் செய்தது யார்? ரொக்கேயா தேரைப் பறக்கவிட்டதோடு நிற்கவில்லை. வீட்டின் தாழ்ப்பாளை யார் பக்கம் வைப்பது என்பதையும் மாற்றிப் பார்த்தார். படிக்கும் சிறுமிக்குத் தன் வீட்டுத் தாழ்ப்பாள் இயற்கை அன்று, எவனோ போட்டது என்று தெரிகிறது.

பெரியாரின் 'இனிவரும் உலகம்' 1940களில் வந்தது. ஆளுக்கொரு கம்பியில்லாத் தந்தி பையில் இருக்கும், முகம் பார்த்துப் பேசலாம், ஆண் பெண் சேர்க்கையின்றியே பிள்ளை பிறக்கும் என்றார். சோதனைக் குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் 1978இல் பிறந்தது. அவர் மறைந்து ஐந்தாண்டு கழித்து. சொன்னது பலித்தது என்று நாம் கைதட்டுகிறோம். வேண்டாம் தோழர்களே! பலித்ததற்குக் கைதட்டினால் அவரையும் சோதிடராக்கிவிடுவோம். அரசனும் செல்வனும் வறியவனும் இல்லாத வாழ்வையும் அதே மூச்சில் அவர் எண்ணினார். பைக்குள் கருவி வந்துவிட்டது; மற்றது வந்ததா?

ஆகவே விண்கலம் இருப்பதனாலேயே ஒரு கதை நம் கதை ஆகிவிடாது. செவ்வாய்க் கோளுக்குப் போயும் அங்கே ஓர் இளவரசன், ஓர் அடிமைக் கூட்டம், பிறப்பால் வந்த வீரம் என்றிருந்தால் அது பழைய புராணம்தான், இரும்புச் சட்டை போட்டிருக்கிறது. கிளி பேசும் கதையோ குழந்தையை ஏய்ப்பதில்லை. கிளி பேசாது என்பது குழந்தைக்கும் தெரியும், சொல்லும் பாட்டிக்கும் தெரியும். நம்பாவிட்டால் நரகம் என்று எந்தப் பாட்டியும் மிரட்டியதில்லை.

அறிவியலையும் கேள்வி கேட்கும் கதை வேண்டும். மேரி ஷெல்லி பதினெட்டு வயதில் எழுதத் தொடங்கி 1818இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' அத்தகையது. உயிரை ஆக்கியவன், ஆக்கியதைக் கைவிட்டு ஓடுகிறான். அதனைப் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்த புதுமைப்பித்தன், கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்தவர். ஆலை நாற்றத்தை மூக்கால் அறிந்த கடலூர்ப் பிள்ளைகளுக்கு அக்கதை எளிதில் விளங்கும்.

இன்று காட்டுமன்னார்கோயில் வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்குகிறது. பூதகணங்களின் வேலையில் பாதியை அது செய்துவிடுகிறது. எவரும் அற்புதம் என்பதில்லை. நாற்பது வேலியும் ஒரே இரவில் அறுபட்டுக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல் ஆண்டை வீட்டுக்குப் போகிறது. பொழுது விடிகிறது. நந்தன் வரப்பில் நிற்கிறான். கையில் வேலை இல்லை. அடுத்து என்ன நடக்கிறது? ஆதனூர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை எழுதித் தர, இதைப் படிக்கும் இளைஞர்களுள் யார் பேனா எடுக்கிறீர்கள்?