அறியாது காண்டல் அறமாகுமோ?

ஒரு நாட்டைக் காணச் செல்பவன் அந்நாட்டை முன்னரே கற்றுச் செல்லல் வேண்டுமா என்ற வினா பெரும்பாலும் வசதி பற்றிய வினாவாகவே எழுகின்றது. மழை எம்மாதத்திற் பெய்யும், நாணயம் யாது, தங்குமிடம் எங்கே என்பனவற்றை அறிந்தாற் போதுமெனப் பலர் கருதுவர். இவற்றை அறியாது செல்பவனுக்கு நேரும் இழப்பு அவனுடையதே. அதில் அறம் பற்றிய சிக்கல் எதுவுமில்லை. ஆயின், அறியாமையின் விளைவு காண்பவனோடு நில்லாது, காணப்படுவோரையும் சென்று தாக்கும் இடங்கள் சில உள. மேற்காபிரிக்காவின் கானா நாட்டுக் கடற்கரை அத்தகையதோர் இடமாகும்.

ஏறத்தாழ 540 கிலோமீற்றர் நீளமான அக்கரை, 1957ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் விடுதலை கிடைக்கும்வரை பொற்கரை என்றே வழங்கப்பட்டது. ஒரு நிலத்துக்கு அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்ட பொருளையே பெயராகச் சூட்டியோரின் மனப்போக்கை அப்பெயர் ஒன்றே காட்டிவிடும். போத்துக்கேயர் 1482இல் எல்மினாவிற் கோட்டை எழுப்பினர். 1637இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1872இல் அது பிரித்தானியர் கைக்கு மாறியது. அண்மையிலுள்ள கேப் கோஸ்ற் கோட்டைக்கும் இதனையொத்த நீண்ட வரலாறுண்டு. இவற்றையும் இக்கரையிலுள்ள ஏனைய கோட்டைகளையும் யுனெஸ்கோ நிறுவனம் 1979இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

முன்னறிவு கண்ணைக் கட்டிவிடும், நூல்களை மூடிவைத்துவிட்டுத் திறந்த கண்ணோடு செல்வதே சிறந்தது என்று வாதிடுவோர் உளர். மலையையும் அருவியையும் காணச் செல்பவனுக்கு இது பொருந்தலாம். எல்மினாவிலே இவ்வாதம் நிலைகொள்ளாது. நீலக்கடல், தென்னை வரிசை, வெண்ணிறச் சுவர்கள், ஒழுங்கான முற்றங்கள் ஆகியவற்றை எதுவுமறியாக் கண் காணும், அழகென்று மகிழும். அக்கண் பொய் கூறவில்லை. ஆனால், ஆளுநர் தம் மாடத்தில் நின்று கீழ்முற்றத்தை நோக்கியபோது அங்கே நிறுத்தப்பட்டிருந்தோர் சிறைப்பட்ட பெண்கள் என்பதனைக் கல் தானாக எடுத்துரைப்பதில்லை. கேப் கோஸ்றிலே ஆடவரை அடைத்த நிலவறைக்கு மேலேயே வழிபாட்டிடம் அமைந்திருந்தது என்பதையும் கண் மட்டும் கொண்டு அறிதல் அரிது. இங்கே கள்ளமற்ற பார்வை எனப்படுவது, உண்மையில், கோட்டையைக் கட்டியோர் பிறர் பார்க்க விரும்பிய பார்வையேயாம்.

அறிவு வெறுந் தகவலாக நின்றுவிடாது தீர்ப்பையும் கடினமாக்கும் என்பதற்கு பிலிப் குவாக்கே என்பவரின் வாழ்க்கை தக்க சான்றாகும். பான்ரி இனத்தவரான இவர் சிறுவனாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, 1765இல் அங்கிலிக்கன் திருச்சபையிற் குருப்பட்டம் பெற்றார். அத்திருச்சபையின் குருவான முதல் ஆபிரிக்கர் இவரே. 1766இற் கேப் கோஸ்றுக்குத் திரும்பியவர், 1816இல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகள் அக்கோட்டையிலே குருவாகவும் ஆசிரியராகவும் பணிபுரிந்தார். பிரித்தானியா அடிமை வாணிகத்தை 1807இலேயே தடைசெய்தது. அவ்வாறாயின், அவர் மேலே வழிபாடு நடாத்திய காலத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கீழே மனிதர் அடைக்கப்பட்டிருந்தனர். அவர் கல்லறை அக்கோட்டை முற்றத்திலேயே உளது. அறியாதவனுக்கு அது ஒரு கல். அரைகுறையாக அறிந்தவனுக்கு அவர் ஒரு துரோகி, அல்லது ஒரு முன்னோடி. அவரது ஐம்பதாண்டுகளையும் எண்ணிப் பார்ப்பவன் அவ்விரு சொற்களில் எதனையும் எளிதிற் சொல்லமாட்டான்.

இலங்கையிலிருந்து செல்பவனுக்கு இங்கே தனியானதோர் இடறல் உண்டு. போத்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவனுக்குப் பழகிய பெயர்கள். யாழ்ப்பாணத்தையும் காலியையும் அறிந்தவன், இதுவும் அத்தகைய ஒரு கோட்டைதானே என எண்ணக்கூடும். எல்மினாவை ஆண்டது ஒல்லாந்தரின் மேற்கிந்தியக் கம்பனி. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது கிழக்கிந்தியக் கம்பனி. கொடிதான் ஒன்று, தொழில் வேறு. ஆயினும், கிழக்கிந்தியக் கம்பனியும் அடிமைகளை வைத்திருந்தது. கொழும்பிலே தமிழிற் கொம்பனித்தெரு என வழங்கும் பகுதி, ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'அடிமைத் தீவு' என்றே அழைக்கப்பட்டு வந்தது. தமிழ்ப் பெயரை மட்டும் அறிந்து நாள்தோறும் அவ்வழியே செல்வோர் எத்தனை பேர்!

எனவே, கற்றுச் செல்லல் கடமை என்பதில் ஐயமில்லை. எதனைக் கற்பது என்பதே கடினமான வினா. 1990களின் தொடக்கத்தில் இக்கோட்டைகள் செப்பனிடப்பட்டபோது, அமெரிக்காவிலிருந்து வந்த அடிமைகளின் வழித்தோன்றல்கள் பலர் அதனை எதிர்த்தனர். சுவருக்கு வெண்மை பூசுவது வரலாற்றுக்கே வெண்மை பூசுவதாகும் என்பது அவர்தம் துயரக்குரல். அவர்களுக்கு அக்கோட்டை ஒரு மயானம். 1998இல் யமெய்க்காவிலிருந்தும் ஐக்கிய அமெரிக்காவிலிருந்தும் கொணரப்பட்ட இரு அடிமைகளின் எச்சங்கள் கேப் கோஸ்ற் கோட்டையின் கடல்வாயில் வழியாக மீண்டும் நாட்டுக்குள் எடுத்துச் செல்லப்பட்டமையை நினைப்போர், அவர்தம் உரிமையைச் சிறிதென மதியார்.

ஆனால், எல்மினாவின் மக்களுக்கு அதே கோட்டை பிற நினைவுகளையும் தாங்கி நிற்கின்றது. பிரித்தானியரை ஏற்க மறுத்த அவ்வூர் மன்னர் கோபினா ஜியான் 1873இல் நாடுகடத்தப்பட்டார். ஊர் பீரங்கியால் தகர்க்கப்பட்டது. 1896இற் பிடிக்கப்பட்ட அசாந்தி மன்னர் முதலாம் பிரெம்பே இக்கோட்டையிலே சிறைவைக்கப்பட்டு, பின்னர் சியராலியோனுக்கும் அங்கிருந்து சீசெல்சுக்கும் அனுப்பப்பட்டார். சிறைப்பட்டோரைக் கரைக்குக் கொணர்ந்து விற்றோருள் ஆபிரிக்க அரசரும் வணிகரும் இருந்தனர் என்பதும் மறைத்தற்குரியதன்று. அவ்வறிவு எத்தரப்பினருக்கும் இனியதன்று. அடிமை வாணிகத்தை மட்டும் கற்று வருபவன், அவ்வூரில் வாழ்வோரைத் தன் துயரத்துக்கோ தன் குற்றவுணர்வுக்கோ காவலாளராக்கிவிடுகின்றான். அவர்கள் சிரிப்பதும் விலைபேசுவதும்கூட அவனுக்குப் பொருந்தாச் செயலாகத் தோன்றும். இறந்தோரை மறப்பது ஓர் அநீதி என்றால், உயிரோடிருப்போரைக் காணாது விடுவதும் அதனிற் குறைந்ததன்று.

அக்கரையின் மீனவர் செவ்வாய்க்கிழமைகளிற் கடலுக்குச் செல்வதில்லை; அது கடலுக்குரிய நாள் என்பது அவர் மரபு. அன்று எல்மினாவுக்கு வருபவன், கரையிலே வரிசையாக ஓய்ந்திருக்கும் வண்ணப் படகுகளைக் கண்டு தொழில் நலிந்துவிட்டது என எண்ணவுங்கூடும். ஜூலை மாதத்து முதற் செவ்வாயில், கோட்டைக்கு அருகிலுள்ள பென்யாக் களப்பிலே பகாத்துவே விழா நடைபெறும். களப்பைத் திறத்தல் என்பது அப்பெயரின் பொருள். சடங்குகள் முடிந்து வலை வீசப்பட்ட பின்னரே அவ்வாண்டின் மீன்பிடி தொடங்கும். அலங்கரித்த படகுகள் அவ்வேளை கோட்டையின் வெண்சுவரைக் கடந்து செல்லும். படகிலிருப்போரின் கண்கள் வலையின் மீதே இருக்கும்.