கொலைகாரன் எந்தப் பிரிவைச் சேர்ந்தவன்?

குற்றப்படம் என்றால் அதில் ஒரு குற்றவாளி இருந்தாக வேண்டும். அந்தக் குற்றவாளியைச் சமூகத்தின் எந்தப் பிரிவிலிருந்து எடுப்பது என்பது கதையாசிரியரின் விருப்பம் மட்டும்தானா? ஜொனதன் டெமி இயக்கத்தில் 1991-இல் வெளிவந்த ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பிய படம். ஒரு தரப்பாருக்கு நியாயம் செய்த அதே படம், இன்னொரு தரப்பார்மீது பழி சுமத்தியதாகவும் குற்றச்சாட்டுக்கு ஆளானது.

நியாயம் பெற்றவர்கள் பெண்கள். ஜோடி ஃபாஸ்டர் நடித்த கிளாரிஸ் ஸ்டார்லிங் எஃப்.பி.ஐ.யின் பயிற்சி மாணவி. தொடக்கத்திலேயே மின்தூக்கிக்குள் தன்னைவிட உயரமான ஆண்கள் சூழ நிற்கிறார். அவரிடம் பேசும் ஆண்கள் பலர் கேமராவை நேராகப் பார்ப்பதால், அவர்மீது விழும் பார்வை பார்வையாளர்மீதும் விழுகிறது. கடைசியில் கொலையாளியைத் தனியாக எதிர்கொண்டு வீழ்த்துபவரும் அவரே.

பழி விழுந்தது திருநர்மீது. ‘பஃபலோ பில்’ எனப்படும் கொலையாளி, பெண்களைக் கொன்று அவர்களின் தோலால் உடை தைக்கிறான். ஒப்பனையிட்டுக்கொண்டு கேமராவின் முன் ஆடுகிறான். 1992-இல் இப்படம் 5 முக்கிய ஆஸ்கர் விருதுகளை வென்ற நாளில், விழா அரங்கின் வெளியே பால்புதுமையினர் உரிமைக்காகப் போராடுவோர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர்.

படத்தின் சார்பில் இரண்டு வாதங்கள் உண்டு. முதலாவது, கொலையாளி உண்மையில் திருநர் அல்லர் என்று படமே வசனத்தில் சொல்லிவிடுகிறது என்பது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’விலும் (1960) மனநல மருத்துவர் ஒருவர் முடிவில் இத்தகைய விளக்கம் தருகிறார். ஆனால் பார்த்தவர் மனத்தில் தங்குவது ஆடும் உருவம்தான். ஒரு வரி மறுப்பு அதை அழித்துவிடாது.

இரண்டாவது வாதம் வலுவானது. சிறுபான்மையினரை வில்லனாக்கவே கூடாது என்றால், அவர்களைக் குறையற்ற உத்தமர்களாக மட்டுமே காட்ட நேரும்; அதுவும் அவர்களை முழு மனிதராக ஏற்காததே. இது உண்மைதான். எனினும் எல்லா வில்லன்களும் ஒரே பாரத்தைச் சுமப்பதில்லை. பெரும்பான்மையைச் சேர்ந்த கொலையாளிக்கு எதிரே அதே பிரிவைச் சேர்ந்த போலீஸ்காரர், நீதிபதி, காதலர், பக்கத்து வீட்டுக்காரர் என எத்தனையோ பேர் திரையில் இருக்கிறார்கள். ஆகவே அவன் தனியொருவனாகவே பார்க்கப்படுகிறான். திருநருக்கு அன்றைய ஹாலிவுட்டில் அத்தகைய வேறு முகங்கள் அரிது. ‘டிரஸ்டு டு கில்’ (1980) படத்திலும் திருநர் ஒருவரே கொலையாளி. எனவே பஃபலோ பில்லின் குற்றம் ஒரு பிரிவின் இயல்பாகவே எடுத்துக்கொள்ளப்படும் ஆபத்து இருந்தது.

இதை அளக்கும் கோலைப் படமே தருகிறது. உள்ளூர் ஷெரிஃபைச் சமாளிப்பதற்காக, மேலதிகாரி கிராஃபோர்ட் அவரிடம் கிளாரிஸை ஒதுக்கிப் பேசுகிறார். அது வெறும் உத்திதான் என்று பிறகு விளக்கும்போது கிளாரிஸ் அதை ஏற்கவில்லை: மற்ற போலீஸார் தன்னை எப்படி நடத்துவது என்பதை மேலதிகாரியைப் பார்த்தே கற்கிறார்கள் என்கிறார். நோக்கம் தீயதல்ல என்பதால் விளைவு மாறாது என்பதே அவர் வாதம். பஃபலோ பில்லுக்கும் அதே கோல்தான்.

ஆகவே வில்லன் பாத்திரங்களுக்குத் தடை விதிப்பது தீர்வாகாது. பிற பாத்திரங்களைப் பெருக்குவதே தீர்வு. டெமி 1993-இல் எய்ட்ஸ் நோயால் வேலை இழந்த தற்பாலீர்ப்பு வழக்கறிஞரை நாயகனாக்கி ‘ஃபிலடெல்ஃபியா’ எடுத்தார். ஆனால் திருநருக்கு ஏற்பட்ட குறையை அது நிரப்பவில்லை. ஒரு பிரிவினருக்குச் செய்த நியாயத்தை இன்னொரு பிரிவினரின் கணக்கில் வரவு வைக்க முடியாது.