தூய்மையும் பொறுப்பும்: ஓர் அறவியல் நோக்கு

ஒரு பொருளைத் தூய்மை செய்யும்போது அதிலிருந்த அழுக்கு என்னவாகின்றது? அழிந்துவிடுகின்றது என்றே பெரும்பாலும் எண்ணுகின்றோம். ஆயின் அழுக்கு அழிவதில்லை, இடம் மாறுகின்றது. தரையிலிருந்து துடைப்பத்துக்கும், துணியிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து மண்ணுக்கும், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கும் அது சென்று சேர்கின்றது. எனவே தூய்மை என்பது அழுக்கினின்று விடுபடுதலா, அன்றி அது சென்றடையும் இடத்துக்கும் பொறுப்பேற்றலா என்னும் வினா எழுகின்றது. வீட்டு முற்றத்தில் ஒருவர் தமது காரைக் கழுவும் எளிய செயலை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அறவியல் பேசப் புகுந்தோர் இத்துணைச் சிறு செயலை எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும் நம்மில் பெரும்பாலோர் அறத்தைக் கடைப்பிடிப்பதும் கைவிடுவதும் இத்தகைய சிறு செயல்களிலேயே என்பதை மறுத்தற்கில்லை.

கதிரவெளியை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையை அண்டி, வெருகல் ஆற்றுக்குத் தெற்கே, வாகரைப் பிரதேசத்தில் அமைந்த கரையோரக் கிராமம் அது. கிழக்கே வங்காள விரிகுடா, காலடியில் மணல். இங்கு வாகனம் வைத்திருப்போருக்கு அதனைக் கழுவுதல் ஆடம்பரமன்று. கடல்நீரில் லீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அலைகள் உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்றுச் சுமந்துவந்து இரும்பின்மீது படியவிடுகின்றது. உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்திருப்பது. ஈரத்திற் கரைந்த உப்பு, இரும்பும் ஒட்சிசனும் நீரும் கூடி நிகழ்த்தும் அரிப்பினை விரைவுபடுத்துவது. கறள், தான் உண்ட இரும்பிலும் பருமனிற் பெரியது. ஆதலால் தீந்தையின் அடியிற் கொப்புளமாக எழுந்து, அதனைப் பிளந்து, மேலும் உப்புப் புகுவதற்கு வழிசெய்கின்றது. இரும்பின் பயனறிந்த பெருங்கற்கால மக்களின் ஈமச் சின்னங்கள் இனங்காணப்பட்ட இலங்கைத் தலங்களுள் கதிரவெளியும் ஒன்றாகும். இரும்பை அறிந்த நாள்முதல் இக்கரை கறளையும் அறிந்திருக்கும்.

பழையதைப் பேணுதல் இந்நாட்டில் ஒரு பொருளாதார நியதியுமாகும். 1970 முதல் 1977 வரை நிலவிய கடும் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் வீட்டு முதியோரைப்போலப் பேணப்பட்டன. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. கிடைத்ததைக் கெடாது காப்பதே அறிவுடைமை என்பதை இத்தகைய காலங்கள் நமக்குக் கற்பித்தன.

கழுவுதற்கும் ஒரு முறை உண்டு. வெயிலில் நின்று சூடேறிய தகட்டில் நீர் ஊற்றலாகாது. சவர்க்காரம் காய்ந்து தடம் பதியும். முதலில் நீரால் மணலை அகற்றவேண்டும். மணலோடு துணியைத் தேய்த்தால் துணியே உராய்தாளாகிவிடும். கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவவேண்டும். சவர்க்கார நீருக்கு ஒரு வாளி, துணியை அலசுதற்கு மற்றொரு வாளி என இரண்டு வேண்டும். இன்றேல் எடுத்த அழுக்கையே மீண்டும் பூசுவோம். யாவற்றினும் முக்கியமானது, கண்ணுக்குத் தெரியாத இடங்களைக் கழுவுதல். சில்லுகளின் மேல்வளைவு, கதவடி ஓரம், வண்டியின் அடித்தகடு ஆகிய இடங்களிலேயே உப்பும் சேறும் தங்குகின்றன. கறள் தொடங்குவதும் அங்கேயே. பார்ப்போர் மெச்சும் பகுதியோ கூரையும் முகப்பும் மட்டுமே.

இங்கேதான் முதலாவது அறவினா எழுகின்றது. குனிந்து அடியைக் கழுவுபவர் தமது வண்டியின் உண்மை நிலையை அறிகின்றார். விரல்நுனியில் ஒரு கொப்புளம் தட்டுப்படுகின்றது. அதனைச் சுரண்டி, கறளை நீக்கி, மருந்திட்டுத் தீந்தை பூசுவது ஒரு வழி. அதன்மேல் மெழுகைத் தேய்த்துப் பளபளக்கச் செய்வது இன்னொரு வழி. விற்பனைக்கு நிற்கும் வண்டிகள் பலவற்றில் இரண்டாம் வழி கையாளப்படுவதை நாமறிவோம். புறத்தின் தூய்மையை நீருக்கும் அகத்தின் தூய்மையை வாய்மைக்கும் உரியதாக வள்ளுவர் பகுத்துக் காட்டினார். ஆயின் புறத்தைக் கழுவும் செயலிலேயே வாய்மை சோதிக்கப்படும் தருணமும் உண்டு என்பது ஈண்டு நோக்கற்பாலது. கண்டதை ஒப்புக்கொள்ளும் கழுவுதலும் கண்டதை மறைக்கும் கழுவுதலும் தூரத்திலிருந்து பார்ப்போருக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

இரண்டாவது வினா, வழிந்தோடும் நீரைப் பற்றியது. தூசு, எண்ணெய்ப் பசை, தடைக்கட்டையின் தேய்துகள், சவர்க்காரம் யாவும் அந்நீரிற் கலந்து மணலுள் இறங்குகின்றன. மணற் கரையோரங்களில் நன்னீர், நிலத்தின் கீழுள்ள உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாகவே மிதந்து நிற்கின்றது. மணல் வடிகட்டும் என்பது உண்மையே. ஆயினும் கரைந்து கலந்தவற்றை அது முற்றாகத் தடுக்கமாட்டாது. மிகையாக இறைத்தால் கீழுள்ள உவர் மேலேறும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும்போது நிமிடத்துக்குப் பத்து லீற்றருக்கு மேல் ஓடிவிடும். வடகீழ்ப் பருவ மழை ஓய்ந்து கோடை நீளும் மாதங்களில் அந்நீர் அயல்வீட்டுக் குடத்துக்கு உரியது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது கிழக்குக் கரையின் எத்தனையோ கிணறுகள் உப்பேறிக் குடிக்கத் தகாதனவாயின. கிணறு கெடுதல் யாது என்பதை இக்கரையோர மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. நமது கார் தூய்மையடைந்தது. நிலத்தடி நீர் அழுக்கடைந்தது எனின், அங்கே நிகழ்ந்தது தூய்மையன்று, ஒரு கைமாற்றமே. வாகனச் சேவை நிலையங்கள் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெறவேண்டியவை. வீட்டு முற்றத்தைக் கேட்பார் இல்லை. சட்டம் எட்டாத அவ்விடத்திலேயே அறம் தன் வேலையைத் தொடங்கவேண்டியிருக்கின்றது.

அழுக்கு என்பது தனக்குரிய இடத்தில் இல்லாத பொருள் என்னும் கருத்தை மானிடவியலாளர் மேரி டக்ளஸ், 1966 இல் வெளியான ‘தூய்மையும் ஆபத்தும்’ என்னும் நூலில் விரித்துரைத்தார். வயலிற் கிடக்கும் சேறு விளைநிலம். கார்க் கதவில் ஒட்டினால் அதுவே அழுக்கு. அவ்வாறாயின் எது எங்கே இருக்கவேண்டும் என்று வகுப்பவர் எவர்? இவ்வினாவைத் தமிழ்ச் சமுதாயம் தன்னை நோக்கியே கேட்டல் வேண்டும். நம்மிடையே பொருள்களுக்கு மட்டுமன்றி மனிதருக்கும் இடம் வகுக்கப்பட்டது. ஒரு சாரார் தூயோராக விளங்குவதற்காக அவர்களுடைய அழுக்கைச் சுமக்கும் கடன் வேறொரு சாராரின் பிறப்போடு பிணைக்கப்பட்டது. துணியை வெளுத்தவரும் தெருவைத் துப்புரவு செய்தவரும் தாம் அகற்றிய அழுக்கின் பெயராலேயே விலக்கப்பட்டனர். இலங்கையில் 1957 இல் இயற்றப்பட்ட சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அவ்விலக்கலைக் குற்றமாக்கியது. எனினும் அழுக்கை அடுத்தவரிடம் தள்ளிவிட்டுத் தூய்மையைத் தனதென உரிமை கொண்டாடும் மனப்பாங்கு சட்டத்தால் மட்டும் மாறவில்லை. வண்டிக்கு உரியவர் நிழலில் நின்று விரல் நீட்ட, கூலிக்கு வந்த சிறுவன் அடித்தகட்டின் கீழ் மல்லாந்து கிடக்கும் காட்சியை நாம் கண்டதில்லையா?

மெழுகுப் பேணியும் இதே கதையைக் கூறும். கார் மெழுகுகளிற் சிறந்ததெனக் கருதப்படும் கார்நௌபா, பிரேசிலின் வடகிழக்கு வறள்நிலத்தில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து பெறப்படுவது. வெயிலில் நீரிழவாதிருக்க அம்மரம் தன் ஓலைமீது சுரக்கும் காப்பு அது. அவ்வோலைகளை வெட்டுவோரிடையே அடிமை நிலைக்கு ஒப்பான தொழில் நிலைமைகளை அந்நாட்டின் அரச பரிசோதகர்கள் கண்டறிந்துள்ளனர். மனிதருக்கிடையிலான உறவு பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோற்றங்காட்டுவதை மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலின் முதற் பாகத்தில் விளக்கினார். முற்றத்தில் நிற்கும் காரின் பளபளப்பில் நமது முகம் தெரிகின்றது. ஓலை வெட்டியவரின் முகம் தெரிவதில்லை.

அவ்வாறாயின் அவரவர் வண்டியை அவரவரே கழுவுவதுதான் அறமா? 1901 இல் கல்கத்தாவில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டிற் கழிப்பிடங்களின் நிலையைக் கண்ட காந்தியடிகள், அது தோட்டியின் வேலை எனத் தொண்டர்கள் கூறியதைக் கேட்டுத் தாமே துடைப்பத்தை எடுத்தார். ஆயினும் தமது தேவைக்கானதை மட்டுமே தம்மாற் செய்ய முடிந்ததென்று தன்வரலாற்றில் அவரே ஒப்புக்கொள்கின்றார். தனிமனிதனின் நற்செயலுக்குள்ள எல்லையை இது காட்டுகின்றது. மேலும், கழுவுதலையே தொழிலாகக் கொண்டு குடும்பம் நடத்துவோரிடம் எல்லோரும் வேலை கொடாதிருந்தால் அது அவர்களுக்குச் செய்யும் நன்மையாகாது. ஆகவே எவர் கழுவுகிறார் என்பதைவிட, கழுவுபவருக்கு உரிய கூலியும் மதிப்பும் உண்டா, அழுக்கு எங்கே செல்கின்றது என்பதை வண்டிக்குரியவர் அறிவாரா என்பனவே முதன்மையான வினாக்களாகும். தாமே ஒருமுறையேனும் குனிந்து கழுவியவருக்கு இவ்வினாக்கள் தாமாகவே தோன்றும்; தம் கையால் கழுவுதலின் பயன் அதுவே.

இறுதியாக ஒரு மறுப்பைக் கருதவேண்டும். பேரிழப்புகளைக் கண்ட ஊரொன்றை முன்வைத்துக் காரைக் கழுவுதல் பற்றிப் பேசுவது பொருந்துமா? 2006 நவம்பர் 8 அன்று, இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சமடைந்திருந்த கதிரவெளிப் பாடசாலையின் மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் உயிரிழந்தனர். 2009 இல் போர் முடிந்தபின் வீதிகள் செப்பனிடப்பட்டன. கட்டடங்கள் புதுத் தீந்தை பெற்றன. இவை வேண்டியனவே. ஆனால் தீந்தையின் கீழே என்ன இருக்கின்றது என்று குனிந்து பார்க்க மறுக்கும் நாடு, கறளின்மேல் மெழுகு தேய்ப்பவரிலிருந்து எவ்வாறு வேறுபடும்? ஒரு வண்டியின் அடித்தகட்டைப் பார்க்கும் பழக்கம் நாட்டின் கடந்த காலத்தைப் பார்க்கும் துணிவைத் தந்துவிடும் என்று நாம் கூறவில்லை. பாராதிருக்கும் பழக்கம் இரண்டிலும் ஒன்றே என்று மட்டும் கூறுகின்றோம்.

எனவே தூய்மை என்பது ஒரு நிலையன்று. அது ஒரு கடப்பாடு. குழாய்க்குப் பதில் வாளி, கிணற்றடிக்குப் பதில் அதற்கு எட்டவுள்ள புல்தரை, கழிவெண்ணெய்க்கு மூடியிட்ட கலம், கோடையில் ஈரத்துணியோடு அமைதல், உதவியவருக்கு உரிய கூலி ஆகிய யாவும் அற்பமானவையாகத் தோன்றலாம். ஆனால் இவை ஒவ்வொன்றும், எனது அழுக்கு எனது படலையைக் கடந்த பின்னரும் எனதே என்று ஒருவர் ஏற்றுக்கொள்வதன் அடையாளங்கள். அவ்வாறு ஏற்றுக்கொண்டவரின் வண்டி சற்று மங்கலாக நின்றாலும் குறையில்லை. நாளைக் காலையில் கடற்காற்று மீண்டும் அதன்மேல் உப்பைப் படியவிடும். அவரும் மீண்டும் வாளியை எடுப்பார்.