சென்சார் சொன்னால் நம்பலாமா?

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் அமைந்த மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தைத் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால், மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று ஆலைகள் நீள்கின்றன. இப்படியோர் ஆலையின் கன்ட்ரோல் ரூமில் இருப்பவரைச் சூளையின் சூடு தொடுவதில்லை, மோட்டாரின் இரைச்சல் எட்டுவதில்லை. சென்சார், இயந்திரத்தை இயக்கும் சிறு கணினியான பிஎல்சிக்குச் சொல்கிறது. பிஎல்சி, ஆலையைக் கண்காணிக்கும் மென்பொருளான ஸ்காடாவுக்குச் சொல்கிறது. திரையில் ஓர் எண் வருகிறது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கேள்விப்பட்டதுதான்.

கேள்விப்பட்டது அறிவாகுமா? தமிழ் வெகுகாலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் சமயவாதிகளைச் சந்திக்கும் மணிமேகலைக்கு முதலில் கிடைப்பது அளவைகளை, அதாவது அறிவை அடையும் வழிகளைப் பற்றிய பாடம்தான். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் அளவைகள் எல்லாவற்றையும் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றுக்குள் அடக்கினார். நியாய மரபோ உரைக்கு நிபந்தனை விதித்தது: சொல்பவர் பொருளை நேரில் அறிந்தவராகவும், அறிந்தபடியே சொல்ல விரும்புபவராகவும் இருக்க வேண்டும். அவரே ஆப்தர், நம்பத்தக்கவர். அவர் ரிஷியாக இருந்தாலும் மிலேச்சராக இருந்தாலும் ஒன்றுதான் என்கிறார் நியாய சூத்திரத்துக்குப் பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர்.

ஆலையில் சொல்பவை கருவிகள். 1979-இல் மோடிகான் நிறுவனம் உருவாக்கிய மோட்பஸ் இன்றும் பல ஆலைக் கருவிகளின் பேச்சுமொழி. பேசுவது யார் என்று சோதிக்கும் ஏற்பாடு அதன் மூல வடிவில் இல்லை. ஓர் ஆலைக்குள் ஒன்றையொன்று அறிந்த கருவிகளுக்காகப் பிறந்த மொழி அது.

2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, நம்பிக்கை எங்கே உடையும் என்று காட்டியது. ஈரானின் நதான்ஸ் அணு ஆலையில், சீமென்ஸ் பிஎல்சிகளுக்குள் புகுந்து மையவிலக்கு இயந்திரங்களின் வேகத்தைக் கெடுத்தது. முன்பே பதிந்துவைத்த இயல்பான அளவீடுகளைக் கண்காணிப்பவர்களுக்குத் திருப்பிக் காட்டியது.

திரை பொய் சொன்னது. இயந்திரங்கள் உடைந்தன.

அதற்கு முன்பே 2008-இல் வந்த ஓபிசி யுஏ என்ற தொடர்பு நெறிமுறை, பேசும் கருவியிடம் சான்றிதழ் கேட்கிறது. பெரிய முன்னேற்றம். ஆனால் அது பேசுவது யார் என்பதற்கு மட்டுமே பதில். அளவுத்திருத்தம் தவறிய சென்சாரும் செல்லுபடியாகும் சான்றிதழோடு தவறான வெப்பநிலையைச் சொல்லும். உண்மையைச் சொல்லும் விருப்பம் கருவிக்குக் கிடையாது. அந்த விருப்பம் அளவுத்திருத்தம் செய்யும் டெக்னீஷியனிடமும், உற்பத்தி இலக்குக்காக அலாரத்தை அடக்கிவைக்காத மேலாளரிடமும்தான் இருக்க முடியும். ஆப்தராக இருக்கும் கடமை அவர்களுடையது.

அதனால் காண்டலைக் கைவிடக் கூடாது. ஷிப்டுக்கு ஒருமுறையாவது ஓர் ஆபரேட்டர் குழாயருகே போய், டயல் கேஜைக் கண்ணால் பார்த்து, லாக் புத்தகத்தில் குறிக்க வேண்டும். அந்த எண்ணும் திரையின் எண்ணும் ஒத்துப்போகாத நாளில், லைனை நிறுத்தச் சொல்லும் உரிமை அதைக் குறித்தவருக்கு இருக்க வேண்டும்.