யூசுஃப் நபியின் விண்ணப்பம்: கல்லூரிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு

 



ஒவ்வொரு ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் ஜும்ஆ முடிந்ததும் சில தந்தையர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். "ஹழ்ரத், காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டிருக்கோம், துஆ செய்யுங்க" என்பார்கள். துஆ செய்கிறோம். அல்லாஹ் கபூல் செய்வானாக. ஆனால் ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டு, பிறகு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னதைத் திர்மிதியில் பார்க்கிறோம். கல்லூரி விண்ணப்பம் என்ற ஒட்டகத்தைப் பிளஸ் ஒன் வகுப்பிலேயே கட்ட வேண்டும். அதை எப்படிக் கட்டுவது, எந்தக் கயிற்றால் கட்டக் கூடாது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

தன்னைப் பற்றி உண்மையைச் சொல்வது

யூசுஃப் (அலை) அவர்கள் சிறையிலிருந்து வெளியே வருகிறார்கள். எகிப்தின் மன்னர் அவர்களைத் தம் அருகில் வைத்துக்கொள்ள விரும்புகிறார். அப்போது அவர்கள், நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் தரும்படி கேட்கிறார்கள். அதற்குத் தம் தகுதியாக இரண்டு சொற்களையே சொல்கிறார்கள். ஒன்று ஹஃபீழ், பாதுகாப்பவர். மற்றொன்று அலீம், அறிந்தவர். யூசுஃப் அத்தியாயத்தின் 55ஆம் வசனத்தில் இது வருகிறது.

கவனியுங்கள். யஅகூப் நபியின் மகன், இஸ்ஹாக் நபியின் பேரன், இப்ராஹீம் நபியின் கொள்ளுப்பேரன் என்று அவர்கள் பரம்பரையைச் சொல்லவில்லை. உலகம் வியந்த தம் அழகைச் சொல்லவில்லை. பஞ்ச காலத்தில் தானியத்தைக் காக்க எது தேவையோ அதை மட்டும் சொன்னார்கள். சொன்னதற்குச் சாட்சியும் ஏற்கெனவே இருந்தது. எஜமானரின் வீட்டில் அமானிதத்தைக் காத்தார்கள். சிறையில் அறிவால் பிறருக்கு உதவினார்கள். விண்ணப்பம் இரண்டே சொல்தான். அதற்கான தயாரிப்போ பல ஆண்டுகள்.

தன்னைத் தானே புகழ்வதை மார்க்கம் கண்டிக்கிறது. ஆனால் தேவையான இடத்தில் தன் தகுதியை உள்ளபடி எடுத்துச் சொல்வது கூடும் என்பதற்கு இந்த வசனத்தையே தஃப்ஸீர் ஆசிரியர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். எனவே மாணவச் செல்வமே, உன் திறமையை எழுத வெட்கப்படாதே. இல்லாததை எழுத வெட்கப்படு.

பிறர் சொல்லும் சாட்சி

மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரின் கிணற்றடியில் இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டு, எதையும் எதிர்பாராமல் நிழலில் போய் அமர்ந்தார்கள். அந்தப் பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம், இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைத்தார். சொன்ன தகுதிகள் இரண்டு: வலிமையானவர், நம்பிக்கைக்குரியவர். கஸஸ் அத்தியாயம், 26ஆம் வசனம்.

இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும், நம் நாட்டின் சில தனியார் பல்கலைக்கழகங்களும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தைக் கேட்கின்றன. கடைசி வாரத்தில் ஓடிப்போய், "சார், எனக்கு ஒரு லெட்டர் வேண்டும்" என்றால் அவர் என்ன எழுதுவார்? உன் பெயரையும் மதிப்பெண்ணையும் எழுதுவார். இரண்டு ஆண்டுகள் அவர் வகுப்பில் கேள்வி கேட்டவனாக, ஆய்வகத்தில் உடைத்த கண்ணாடிக் குழாயைத் தானே ஒப்புக்கொண்டவனாக நீ இருந்தால், அவருக்கு எழுத ஏதாவது இருக்கும்.

நனைந்த தானியம்

மதீனாவின் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது.

நம் விண்ணப்பங்களுக்குள் அந்தக் கையை விட்டால் என்ன கிடைக்கும்? ஆடாத விளையாட்டுக்குச் சான்றிதழ். போகாத பயிற்சிக்குச் சான்றிதழ். செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்ததைத் தன் வாழ்க்கைக் கதை என்று அனுப்புதல். குறைத்துக் காட்டிய வருமானம். இவையெல்லாம் சாமர்த்தியம் அல்ல. பெரும்பாவங்களைச் சொல்லிக்கொண்டு வந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியைப் பற்றிச் சொல்லும்போது சாய்ந்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து, திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். விண்ணப்பத்தின் அடியில் போடும் கையெழுத்து ஒரு சாட்சிதான்.

பெயர் சொல்லாமல் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு சொல்கிறேன். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் ஒரு மகளோடு தந்தை என்னிடம் வந்தார். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள். குடும்பத்தில் யாரும் இதுவரை பட்டம் பெறவில்லை என்றால்தான் அது கிடைக்கும். கிடைத்தால் கலந்தாய்வில் சேருபவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அவருக்குச் சைக்கிள் கடை. அந்தச் சலுகை அவருக்குச் சிறிய தொகை அல்ல. துஆ கேட்டார். நானும் கையை உயர்த்தினேன்.

அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னது: "அத்தா, அண்ணன் அஞ்சல் வழியில பி.காம். முடிச்சிட்டாங்களே."

தந்தை, "அது கரஸ்தானேம்மா, யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். அந்தப் பிள்ளை பதில் பேசவில்லை. கையிலிருந்த உறுதிமொழிப் படிவத்தை மடித்துப் பையில் வைத்தது. அதில் அந்தப் பிள்ளையும் கையெழுத்திட வேண்டும் அல்லவா?

சகோதரர்களே, அந்த இடத்தில் பேச வேண்டியவன் நான். ஆலிம் என்று அமர்ந்திருந்தவன் நான். விசாரிக்காமல் துஆவுக்குக் கை உயர்த்தியவனும் நான். பதினேழு வயதுப் பிள்ளை எனக்குப் பாடம் நடத்தியது. தந்தை வெகுநேரம் அமைதியாக இருந்தார். பிறகு, "சரிம்மா, வேண்டாம்" என்றார். முழுக் கட்டணத்தைத் தவணையாகக் கட்டினார்கள். கஷ்டப்பட்டுத்தான் கட்டினார்கள். இன்றும் கஷ்டப்படுகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை படிக்கும் ஒவ்வொரு எழுத்தும் ஹலாலான எழுத்து.

உரிமையை விட்டுவிடவும் கூடாது

பொய் கூடாது என்பது ஒரு பக்கம். அல்லாஹ் சட்டத்தின் மூலம் திறந்து வைத்த வாசலை அலட்சியத்தால் மூடிக்கொள்வது இன்னொரு பக்கம். பிளஸ் ஒன் தொடங்கியதும் இவற்றைச் செய்யுங்கள்:

1. பெயரைச் சரிபாருங்கள். நம் பிள்ளைகளுக்கு முஹம்மது என்று பெயர் வைக்கிறோம், மாஷா அல்லாஹ். ஆங்கிலத்தில் ஆதாரில் ஒரு விதம், மதிப்பெண் பட்டியலில் ஒரு விதம், சாதிச் சான்றிதழில் வேறு விதம். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். சான்றிதழ் சரிபார்ப்பின்போது இதனால் அலைபவர்கள் பலர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே மற்றவற்றையும் மாற்றி வையுங்கள்.

2. சான்றிதழ்களை முன்பே எடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு உள்ளது. ஆனால் லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத் என அரசுப் பட்டியலில் உள்ள ஏழு பிரிவினருக்கே அது உரியது. பட்டியலில் இல்லாத குடும்பத்தார், இருக்கும் பிரிவின் பெயரை எழுதி வாங்குவதும் நனைந்த தானியம்தான்.

3. அரசுப் பள்ளியில் படித்ததை மறைக்காதீர்கள். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. எந்தப் பள்ளியில் எந்த ஆண்டு படித்தோம் என்ற சான்றை வாங்கி வையுங்கள். இப்படிப் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் உதவி உண்டு.

4. கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பொறியியலில் கட்-ஆஃப் மொத்தம் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணிதத்தில் போகும் ஒரு மதிப்பெண், மற்ற இரண்டில் போகும் இரண்டுக்குச் சமம். மருத்துவத்துக்கு நீட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் என்று தனித் தேர்வுகள் இருக்கின்றன. அவற்றின் விண்ணப்பத் தேதிகள் பிளஸ் டூ முடிவு வரும்வரை காத்திருக்காது.

5. ஒரு நற்செயலைத் தொடர்ந்து செய்யுங்கள். பத்துச் சான்றிதழ்களை விட, இரண்டு ஆண்டுகள் மக்தப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது மேல். ஜமாஅத்தின் ஃபித்ரா அரிசிக் கணக்கைத் தவறில்லாமல் எழுதியது மேல். அல்லாஹ்வுக்காகச் செய்யுங்கள். விண்ணப்பத்தில் எழுத வேண்டிய இடம் வந்தால், செய்ததைச் செய்தபடி எழுதுங்கள்.

6. தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கலந்தாய்வுக்கு முன்பே அசல் சான்றிதழ்களை எவரிடமும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டு, நல்ல இடம் கிடைத்தபோது திரும்ப வாங்க முடியாமல் நிற்கும் தந்தையர் உண்டு.

தேர்வு அல்லாஹ்வுடையது

கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது, பிறரின் கண்ணில் எது பெரிது என்று பார்க்காதீர்கள். உண்மையிலேயே எதை முதலில் விரும்புகிறீர்களோ அதை முதலில் எழுதுங்கள். குறைத்து எழுதாமல், அதிகமான விருப்பங்களைக் கொடுங்கள். அதற்கு முன் அறிந்தவர்களிடம் மஷூரா செய்யுங்கள். பிறகு இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா செய்யுங்கள். குர்ஆனின் ஓர் அத்தியாயத்தைக் கற்றுத் தருவதுபோல் இஸ்திகாராவை நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

தந்தையரே! பிள்ளை விரும்பாத பாடத்தை உங்கள் கௌரவத்துக்காகத் திணிக்காதீர்கள். தாய்மார்களே! பெண் பிள்ளைக்கு இடம் கிடைத்த பிறகு, "போதும், நிக்காஹ் பார்ப்போம்" என்று அந்த இடத்தை வீணாக்காதீர்கள்.

இத்தனையும் செய்த பிறகும் விரும்பிய இடம் கிடைக்காமல் போகலாம். பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, சோர்ந்துவிடாதே. இழப்பு வந்தால் "அப்படிச் செய்திருந்தால்" என்று புலம்பாதே என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். யூசுஃப் நபிக்கும் கிணற்றிலிருந்து நேராகக் களஞ்சியம் கிடைக்கவில்லை. இடையில் சிறை இருந்தது. அங்கும் அவர்கள் ஹஃபீழாகவும் அலீமாகவும்தான் இருந்தார்கள்.

பிள்ளைகளே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுங்கள். யூசுஃப் நபியைப் போல, உங்களைப் பற்றி உண்மையான இரண்டு சொற்களை எழுதுங்கள். எழுத எதுவும் வரவில்லையா? கலங்க வேண்டாம். அந்த இரண்டு சொற்களைச் சம்பாதிக்கத்தான் அல்லாஹ் பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று இரண்டு ஆண்டுகளைத் தந்திருக்கிறான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக. அவர்களின் எழுதுகோலைப் பொய்யை விட்டும் காப்பாயாக. கட்டணம் கட்ட முடியாமல் தவிக்கும் தந்தையரின் ரிஸ்கில் பரக்கத் செய்வாயாக. அவர்களுக்குக் கை கொடுக்கும் மனதை வசதி படைத்தவர்களுக்குத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.