கள்ளுக்கடைக்காக யார் அழுவார்கள்?

இங்கிலாந்தில் ஒரு ‘பப்’பை இடித்துவிட்டு வீடு கட்டப்போகிறார்கள் என்றால் ஊர்மக்கள் திரண்டு எதிர்ப்பார்கள். 2011-இல் வந்த சட்டப்படி அந்தக் கடையைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பட்டியலிடச் சொல்லி அவர்கள் கேட்கலாம். பிறகு அது விற்பனைக்கு வந்தால், தாங்களே வாங்கப் பணம் திரட்ட அந்தச் சட்டம் ஆறு மாத அவகாசம் தந்தது. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் பாட்டியின் ஞாபகம் வந்தது.

ஜாசின் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் கோயில், பள்ளிக்கூடம், திடல், கள்ளுக்கடை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. சம்பள நாளன்று பாட்டி கள்ளுக்கடை வாசலில் நிற்பார், தாத்தா உள்ளே நுழைவதற்குள் காசை வாங்கிவிட. பல மாதங்கள் தோற்றுத்தான் திரும்பினார். பிறகு தோட்டம் கைமாறியது. கடை இருந்த இடத்தில் இப்போது தாமான் வீடுகள். ஒருமுறை அந்த வழியாகக் காரில் போனபோது பாட்டி சொன்னார்: “அந்தக் கடைய இடிச்சது நல்லதுதான்யா. ஆனா நம்மள ஒரு வார்த்த கேட்டானுங்களா?”

இரண்டு வாக்கியமும் ஒன்றோடொன்று மோதுவதாக நான் பல நாள் நினைத்திருந்தேன்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தைக் கூட்டு, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை நிறுத்து, கள்ளுக்கடையை மூடு என்று கேட்டார்கள். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். கடையை மூடச் சொன்னவர்கள் குடியை மட்டும் எதிர்க்கவில்லை. நாங்கள் வாழும் இடத்தில் எது இருக்கலாம், எது கூடாது என்பதை நாங்களும் சொல்வோம் என்றார்கள்.

கள்ளுக்கடையை நினைத்து உருகுவது ஆம்பளைங்க ஏக்கம் என்று ஒரு தோழி சொன்னாள். உண்மைதான். தாத்தாவுக்கு அது கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேசும் இடம். பாட்டிக்கு அது அடுப்பை அணைத்த இடம். வீடு கட்டுவதும் தப்பில்லை. வேலை போனால் லயத்து வீடும் போய்விடும் என்று காலம் தள்ளியவர்களுக்குச் சொந்த வீட்டின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

1984-இல் மலாக்கா மாநில அரசு புக்கிட் சீனா இடுகாட்டில் மேம்பாட்டுத் திட்டம் கொண்டுவந்தபோது சீனர்கள் எதிர்த்து நின்றார்கள். குன்று இன்றைக்கும் இருக்கிறது. “அவங்ககிட்ட ஒத்துமை இருக்கு, நம்மகிட்ட இல்ல” என்று ஒட்டுக்கடையில் உட்கார்ந்து சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒற்றுமையோடு இன்னொன்றும் அவர்களிடம் இருந்தது. அந்த நிலம் செங் ஹூன் தெங் கோயிலின் அறங்காவலில் இருந்தது. எங்கள் தோட்டத்தில் சாமி குடியிருந்த இடம்கூடக் கம்பெனிக்காரனுடையது.

அதனால் அந்த இடம் நல்லதா கெட்டதா என்பதோடு கேள்வி முடிவதில்லை. அதை மூடுவது யார் கையில் இருக்கிறது என்பதும் அறம் சார்ந்த கேள்விதான். நாமே மூடியிருக்கக்கூடிய கடையாக இருந்தாலும், நம்மைக் கேட்காமல் எடுத்துக்கொண்டால் அது பறிப்புதான்.

கேட்டிருந்தால், கடையை மூடத்தான் பாட்டி முதல் ஆளாகக் கை தூக்கியிருப்பார். அங்கே எழும்பும் வீடுகளில் ஒன்று எனக்கும் வேண்டும் என்றும் சொல்லியிருப்பார். அந்தக் கையை யாரும் எண்ணவே இல்லை.