விழாவுக்கு விலை என்ன?

திருவண்ணாமலை நகரில் துணிக்கடை ஒன்று. அதன் வாயிலில் பலகை ஒன்று. பலகை ஒன்றுதான், பெயர்தான் பல! ஆடியில் ‘ஆடித் தள்ளுபடி’ என்றது. ஐப்பசியில் ‘தீபாவளிச் சிறப்பு விற்பனை’ என்றது. கார்த்திகைத் தீபத்துக்கு வந்த கூட்டம் கலைந்து, மலைவலச் சாலை மீண்டும் எங்கள் அடி அண்ணாமலை மக்களுக்குக் கிடைத்த மறுவாரமே, ‘கிறிஸ்துமஸ் கொண்டாட்டம்’ என்றது. தை பிறந்தால் ‘பொங்கல் பரிசு மழை’ என்னும். விழாக்கள் வரும், போகும். பலகை மட்டும் இறங்குவதில்லை. எந்தச் சமயத்துக்கும் அது பகையன்று. எல்லாச் சமயத்தாரின் சட்டைப் பையும் அதற்கு உறவு!

இதைக் கண்டு நகைத்துவிட்டுப் போயிருப்போம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வி நம்மை நிறுத்திவிட்டது.

டென்மார்க் நாட்டுச் சமயத்தொண்டர்கள் வந்து பள்ளி கண்ட ஊர் திருவண்ணாமலை. அவர்தம் பணியில் கிளைத்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்த குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. நம்மைப்போல் ஆசிரியரான நண்பர் ஒருவரின் குடும்பம் அவற்றுள் ஒன்று. முந்திய ஆண்டு கிறிஸ்துமசுக்கு அவர் தவணைக் கடன் வாங்கினார். பட்டு வந்தது, கேக்கு வந்தது, மின்விளக்குச் சரம் வந்தது. கடைசித் தவணையைக் கட்டி முடித்தபோது ஆடி பிறந்துவிட்டது, பலகையும் மாறிவிட்டது.

அடுத்த விழா வருமுன் வீட்டார் கூடி முடிவெடுத்தனர். கடன் இல்லை. மூங்கிலைப் பிளந்து, வண்ணத்தாள் ஒட்டி, விண்மீனை வீட்டிலேயே செய்வது. அதிரசமும் முறுக்கும் அடுப்படியில் அனைவரும் அமர்ந்து சுடுவது. பிள்ளைகளுக்கும் பாட்டிக்கும் மட்டும் புத்தாடை. பரிசு என்றால், கையால் செய்த பொருளாக இருக்க வேண்டும்.

விழாவன்று நம்மையும் அழைத்திருந்தார். விண்மீன் சற்றே கோணலாகத் தொங்கிற்று. நண்பர் முகத்தில் பெருமிதம். எதிர்வீட்டு மாடியிலோ நூறு விளக்குகள் ஓடி ஓடி எரிந்தன. மகள் அதைப் பார்த்தாள், இதைப் பார்த்தாள், கேட்டாள்: “அப்பா, நாம ஏழை ஆயிட்டோமா?”

தந்தை வாய் திறக்கவில்லை. பாட்டிதான் பேசினார்: “ஏசப்பாவைப் பெத்தவங்க கோயிலுக்கு ஆட்டுக்குட்டி கொண்டுபோக வசதியில்லாம, பறவைக் குஞ்சுதான் குடுத்தாங்க கண்ணு. அதனால அவங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

மூதாட்டி சொன்னது உண்மை. குழந்தை பிறந்தால் ஆட்டுக்குட்டி காணிக்கை. இயலாதவர்க்கு இரண்டு புறாக்கள் போதும் என்பது அந்நாளைய யூதச் சட்டம். ஏசுவின் பெற்றோர் இரண்டு பறவைகளையே காணிக்கையாக்கினர் என்ற குறிப்பை லூக்கா நற்செய்தியில் காணலாம்.

அழகிய விடை! ஆனால் அது முழு விடையா? இல்லை என்போம். ஏழ்மையைப் புகழ்ந்து பேசியோர் பலரும் களஞ்சியத்தின்மேல் அமர்ந்துகொண்டே பேசினர் என்பதை வரலாறு அறியும். ஆண்டு முழுதும் செங்கல் சுமக்கும் தாய், விழாவுக்கு ஒரு நாள் தன் பிள்ளைக்குப் பூப்போட்ட பாவாடை வாங்குகிறாள். அவளிடம் போய், “அம்மா, எளிமையாகக் கொண்டாடு” என்பதா? எளிமை அவள் தேர்ந்ததன்று, அவள்மேல் திணிக்கப்பட்டது. அவளுக்கு அதையே உபதேசம் செய்வது அறிவுரையாகாது; அவமதிப்பாகும்.

தடை போடலாமா? அதையும் செய்து பார்த்தார்கள். இங்கிலாந்தின் நாடாளுமன்றம் 1647-இல் கிறிஸ்துமஸ் விழாவையே விலக்கிற்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-இல், கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் தண்டம் என்றனர். 1681-இல் அச்சட்டம் நீங்கிற்று. மக்களின் மகிழ்ச்சியைச் சட்டத்தால் பூட்ட முடியவில்லை.

சட்டம் செய்ய முடியாததைச் சந்தை செய்தது! அமெரிக்காவில் நவம்பர் மாத நன்றியறிதல் நாள் முடிந்ததும் கிறிஸ்துமஸ் விற்பனை சூடுபிடிப்பது வழக்கம். 1939-இல் அந்நாள் மாதக் கடைசியில், 30-ஆம் தேதி வந்தது. விற்கும் நாட்கள் குறைகின்றனவே என்று வணிகர் முறையிட்டனர். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், அந்நாளை ஒரு வாரம் முன்னே இழுத்து 23-ஆம் தேதி ஆக்கினார். மாநிலங்கள் சில ஏற்றன, சில மறுத்தன, நாடே இரண்டுபட்டது. விழாவுக்காகக் கடை என்பது போய், கடைக்காக விழா என்றாயிற்று!

ஆகவே, செலவு செய்தாயா என்பதன்று கேள்வி. யார் சொல்லிச் செய்தாய் என்பதே கேள்வி. பிள்ளையின் முகத்தைப் பார்த்து வாங்கிய பாவாடை அன்பு. எதிர்வீட்டாரின் முகத்தைப் பார்த்து வாங்கிய பட்டு அச்சம். வலியறிதல் என்ற அதிகாரத்திலே வள்ளுவர், தன் அளவறிந்து வாழச் சொன்னார். அடுத்தவனின் அளவை அறிந்து வாழச் சொல்லவில்லை!

இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவர் அந்தக் கூலித்தாய் அல்லர். மாதச் சம்பளம் வாங்கும் நாம். நம் வாசலில் எரியும் விளக்கைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டார் கடன் கேட்டுப் புறப்படுகின்றனர். நம் பகட்டு அவர்களுடைய வட்டியாகிறது. சென்ற பொங்கலுக்குத் தவணையில் வாங்கிய பொருளுக்கு நாமும் இன்னும் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆதலால் இதை மேடையேறிச் சொல்லவில்லை, கூண்டேறியே சொல்கிறோம். எளிமை, இல்லாதவர்க்குச் சொல்லும் உபதேசமன்று. இருப்பவர் ஏற்க வேண்டிய கடமை.

அந்தச் சிறுமிக்கு நம் விடை இதுதான்: “இல்லையம்மா, நாம் ஏழையாகவில்லை, கடன்காரர் ஆகாமல் தப்பினோம். உன் அப்பா இந்த ஆண்டு ஆடிவரை வட்டிக்குத் தரவேண்டிய மாலைப் பொழுதுகளை, மூங்கில் பிளந்து உனக்கே தந்துவிட்டார். அந்தக் கோணல் விண்மீனுக்கு எந்தக் கடையிலும் விலை இல்லை.”

தோழர்களே! அந்தப் பலகையை இறக்க நம்மால் முடியாமற் போகலாம். அதைக் கண்டதும் நம் கை, கடனுக்குக் கையெழுத்திட இறங்காதிருக்கச் செய்ய முடியும். அதை நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்!